‘நான் மக்கு’ என்று சொல்லும் மகனுக்கு

கணக்கில் 34 வாங்கிய எட்டாம் வகுப்பு மகன் விடைத்தாளைக் கிழித்துவிட்டு ‘நான் மக்கு’ என்கிறான், ‘நீ புத்திசாலி’ என்று எவ்வளவு சொல்லியும் தேறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, முதலில் அந்தப் ‘புத்திசாலி’யை விடுங்கள். 1998இல் உளவியலாளர்கள் கிளாடியா மியூல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகளே ஒரு தோல்விக்குப் பின் சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள்.

கிழிந்த தாளை செலோடேப் போட்டு ஒட்டி, எந்த வரிவரை சரியாகப் போயிருக்கிறான் என்று அவனோடு உட்கார்ந்து பாருங்கள். என் மகள் தவறவிட்ட ஐந்து கணக்குகளில் மூன்று, கழித்தல் குறியை விட்டதால் போனவை. மக்கு அல்ல, அவசரம்! (பெரியப்பா மகனின் மதிப்பெண்ணை மட்டும் அன்று இழுக்காதீர்கள்.)

தூக்கமும் சாப்பாடும் கெட்டு, இரண்டு வாரமாகியும் முகம் தெளியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.