தம்பி, மனிசிக்கு நீங்கள் மொழிபெயர்க்கப் போகாதேங்கோ

தம்பி, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சனான். லண்டனுக்கு வந்து எட்டு மாசம், ஸ்கில்ட் வேர்க்கர் விசா, மனிசிக்கு 32 வயசு, மார்பில கான்சர் எண்டு போன கிழமை சொல்லிப்போட்டினம், முதல் அஞ்சு மாசம் கீமோவாம் பிறகுதான் ஒப்பரேசனாம், இவங்கள் இழுத்தடிக்கிறாங்களோ, பேசாமல் சென்னைக்குக் கொண்டு போவமோ எண்டு கேட்டிருக்கிறியள்.

இழுத்தடிப்பில்லை. 2017இல என்ட மனிசிக்கும் இதே வருத்தம் வந்தது, எனக்கும் இதே சந்தேகம்தான், கட்டியை வெட்டி எறியாமல் உள்ளுக்க வச்சுக்கொண்டு ஏன் மருந்து ஏத்துறியள் எண்டு நான் சண்டையே பிடிச்சனான். பிரெஸ்ட் கெயர் நேர்ஸ்தான் இருத்தி வச்சு விளங்கப்படுத்தினவா: கட்டி உள்ளுக்க இருந்தாத்தான் மருந்து வேலை செய்யுதோ எண்டு பாக்கலாம், சுருங்கினால் வெட்டுறதும் குறையும், ஹேர்2 பொசிட்டிவ் (ஹேர்2 எண்ட புரதம் கூடின கட்டி), ட்ரிப்பிள் நெகட்டிவ் (ஹேர்2வும் இல்லை, ரெண்டு ஹோர்மோன் ஏற்பியும் இல்லை) எண்ட மார்புக் கான்சர் வகையளுக்கு கனபேருக்கு இப்பிடித்தான் செய்யிறது எண்டு. என்ட மனிசிக்கு ஹேர்2. கீமோ, பிறகு ஒப்பரேசன், பிறகு ரேடியேசன் 15 நாள் (இப்ப கனபேருக்கு அஞ்சே நாளில முடிக்கினம்), அதோட மூண்டு கிழமைக்கு ஒருக்கா தொடையில ஹெர்செப்ரின் எண்ட ஹேர்2வுக்கான மருந்து ஊசி, மொத்தம் 18. சென்னையில நல்ல டொக்டர்மார் இல்லை எண்டு நான் சொல்லேல்ல, ஆனால் ஒரு வருசத்துக்கு மேல போற வைத்தியத்தை பாதி அங்க பாதி இஞ்ச எண்டு செய்ய ஏலாது. காசும் நீங்கள் கட்டிப்போட்டுத்தானே வந்தனீங்கள், விசாவோட கட்டுற அந்த ஐஎச்எஸ் எண்ட சுகாதாரக் கட்டணம் வருசத்துக்கு ஒராளுக்கு 1035 பவுண், அதுக்குள்ள இந்தக் கான்சர் வைத்தியம் அடக்கம். இங்கிலாந்தில கான்சர்காரருக்கு மருந்துச் சீட்டுக்கும் காசில்லை, ஜீபீட்ட (குடும்ப டொக்டரிட்ட) போர்ம் வாங்கி நிரப்பினால் அஞ்சு வருசத்துக்கு விலக்குச் சேட்டிபிக்கேற் வரும்.

சரி, இனித்தான் நான் சொல்ல வந்த விசயம். மனிசிக்கு இங்கிலிஸ் பெரிசா வராது, நான்தான் எல்லாம் கேட்டுச் சொல்லுவன் எண்டு பெருமையா எழுதியிருக்கிறியள். அதைச் செய்யாதேங்கோ. நானும் அப்பிடித்தான் போனனான். ஸ்கான் ரிசல்ட் சொல்லேக்க டொக்டர், கமக்கட்டில மூண்டு நிணநீர்க் கணுவில போயிருக்கு எண்டவர். நான் மனிசிக்குச் சொன்னது, "கொஞ்சம் பரவின மாதிரியாம், மருந்தோட போயிடுமாம்". பஸ்ஸில வரேக்க யன்னலைப் பாத்துக்கொண்டே கேட்டா, "அவர் மூண்டு விரல் காட்டினவர், நீங்கள் மூண்டு எண்டு சொல்லேல்லயே". எனக்கு வாய் திறக்க வரேல்ல. அதுக்குப் பிறகு நான் கொண்டு வந்த நல்ல செய்தியையும் அவா நம்பேல்ல, "உண்மையாத்தான் சொல்லுறியளோ" எண்டு ஒவ்வொருக்காவும் கேப்பா.

அடுத்த முறை அந்த நேர்ஸ் தானாவே தமிழ் இன்டர்பிரட்டரை ஃபோனில பிடிச்சவா. இலவசம்தான், கேட்டால் சரி. என்னை கொஞ்ச நேரம் வெளியில இருக்கச் சொல்லிப்போட்டினம். பேந்துதான் தெரியும், மனிசி முதல் கேட்ட கேள்வி, மகளைக் கட்டிப்பிடிக்கலாமோ எண்டு. மருந்து பிள்ளைக்குத் தொத்திப்போடும் எண்டு நினைச்சு மூண்டு கிழமையா அவா பிள்ளையைத் தூக்கேல்ல, நான் களைப்பாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். தாராளமாக் கட்டிப்பிடிக்கலாம் எண்டு அவை சொன்னவை.

உங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை எண்டால் கருமுட்டை எடுத்து வைக்கிறதைப் பற்றி கீமோ தொடங்க முன்னம் கேளுங்கோ, தொடங்கினாப் பிறகு கேட்டுப் பிரியோசனம் இல்லை. வெக்கப்பட ஒண்டும் இல்லை, மாமிக்குச் சொல்லவும் தேவையில்லை.

ஒரு தெர்மோமீட்டர் வாங்கி கட்டிலுக்குப் பக்கத்தில வையுங்கோ. எங்கட ஆக்களுக்கு உடம்பு சுட்டால் கை தானா பனடோலுக்குப் போகும். முதல் காய்ச்சலை அளவுங்கோ, பிறகுதான் பனடோல், இல்லாட்டி அது காய்ச்சலை மறைச்சுப்போடும். 38 வந்தால், இல்லை நடுங்கினால், விடியட்டும் எண்டு பாக்காமல் கீமோ கார்ட்டில இருக்கிற 24 மணித்தியால நம்பருக்கு உடனே அடியுங்கோ. எங்களுக்கு ரெண்டாவது கீமோ முடிஞ்சு பத்தாம் நாள், இரவு ரெண்டு மணிக்கு 38.4. போனவுடன ஊசியில அன்டிபயோட்டிக் ஏத்தினவை, வெள்ளை அணு அடிமட்டத்தில இருந்ததாம்.

ஊரில இருந்து வட்ஸ்அப்பில அன்னமுன்னா இலை அவிச்சுக் குடி, பச்சை மஞ்சள் தின் எண்டு வரும், எனக்கு பெரியப்பா ஒரு நாளைக்கு நாலு அனுப்புவார். ஓம் பெரியப்பா எண்டு போட்டுட்டு விடுங்கோ, நேர்ஸைக் கேக்காமல் ஒண்டும் குடுக்காதேங்கோ. சாப்பாடு பெரிய சண்டைதான், தாளிக்கிற மணத்துக்கே ஓடிப்போய் சத்தி எடுப்பா, கரண்டி இரும்பா நாறுது எண்டு பிளாஸ்ரிக் கரண்டியால பால்கஞ்சியும் தேசிக்காய் ஊறுகாயும் மட்டும் திண்ட கிழமையள் இருக்கு.

ஒப்பரேசனுக்கு அடுத்த நாளே வீட்ட விட்டிட்டினம், காயத்தில இருந்து நீர் வடிய ஒரு குழாய், அந்தத்தில போத்தில். பழைய சீலைத்துணியில தோள்பை ஒண்டு தைச்சு அதுக்குள்ள போத்திலை வச்சுக்கொண்டு திரிஞ்சா, நான் காலமையில எத்தினை மில்லி எண்டு கொப்பியில எழுதுறது. காயத்தை எனக்குக் காட்டினது மூண்டு கிழமை கழிச்சுத்தான், நானும் கேக்கேல்ல. ஒப்பரேசன் செய்த பக்கத்துக் கையால தேங்காய் துருவ விடாதேங்கோ, ஆனால் குடுக்கிற கை எக்சசைஸை அழுதழுதெண்டாலும் செய்ய வையுங்கோ.

வேலை விசயம். மனிசி கடையில நிக்கிறா எண்டால் சட்டப்படி சிக் பே 28 கிழமை வரைக்கும் இருக்கு, 2010 ஈக்வாலிற்றி சட்டப்படி கான்சர் எண்டு தெரிஞ்ச நாளிலயே பாதுகாப்பு, நோயைக் காட்டி நிப்பாட்டக் கூடாது. உங்களுக்கு 2024 ஏப்ரலில இருந்து வருசத்துக்கு ஒரு கிழமை சம்பளமில்லாத கெயரேர்ஸ் லீவு கேக்கலாம். ஆனால் சம்பளமில்லாத லீவு நாலு கிழமையைத் தாண்டினால் உங்கட விசாவுக்குப் பொறுப்பு நிக்கிற கொம்பனியின்ட ஸ்பொன்சர் விசயத்தில சிக்கல் வரலாம், எச்ஆரிட்ட எழுத்தில கேட்டு வையுங்கோ. பிஐபி, யுனிவேர்சல் கிரெடிற் எண்ட அரசாங்க உதவிப்பணம் உங்கட விசாவுக்கு இல்லை, தெரியாமல் போட்டிடாதேங்கோ. மக்மில்லன் எண்ட கான்சர் உதவி நிறுவனத்தின்ட ஃபோன் லைனுக்கு அடிச்சு தமிழ் எண்டு சொன்னால் ஆள் பிடிச்சுத் தருவினம்.

செவ்வாய்க்கிழமை அப்பொயின்ட்மென்ட் எண்டு போட்டிருக்கிறியள். நாளைக்குக் காலமையே நேர்ஸின்ட நம்பருக்கு அடிச்சு தமிழ் இன்டர்பிரட்டர் வேணும், இலங்கைத் தமிழ் எண்டால் நல்லது எண்டு சொல்லுங்கோ, அண்டைக்குப் போய் நிண்டு கேட்டால் சிலவேளை கிடைக்காது.