எழுத்து இருந்த ஊரில்தான் ஜெலியும் இருந்தார்

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்கக் கதைசொல்லிகளுக்குப் போன இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். எழுத்தே இல்லாதவர்கள் வாய்க்கு வந்தபடி சொன்ன குழந்தைக் கதைகளை வரலாறு என்று அச்சடிக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: எழுத்தே இல்லாதவர்கள் என்று யார் சொன்னது? மாலியின் திம்புக்து நகரக் குடும்பங்கள் அரபு எழுத்துக் கைப்பிரதிகளை நூற்றாண்டுகளாகக் காத்து வந்திருக்கின்றன. பழைய மாலிப் பேரரசில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள், ஜெலிகளும் இருந்தார்கள். ஜெலி என்றால் மாண்டே மக்களின் பரம்பரைக் கதைசொல்லி. வெளியுலகம் 'கிரியோ' என்று சொல்வது இவர்களைத்தான்.

1352-53இல் அந்த அரசவைக்குப் போன மொராக்கோப் பயணி இபின் பதூதா, தான் பார்த்ததை விவரித்திருக்கிறார். அவைக் கவிஞர்களான ஜெலிகள் இறகு உடையும் சிவப்பு அலகு வைத்த மரத்தலையும் மாட்டிக்கொண்டு அரசர் முன் நிற்கிறார்கள். 'நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த மேடையில் முன்பு இன்ன அரசர் இருந்தார், இன்ன நன்மை செய்தார். நீங்களும் செய்யுங்கள், உங்களுக்குப் பிறகும் பேசுவார்கள்' என்கிறார்கள். அந்தக் கோலம் அவருக்குச் சிரிப்பாகப் பட்டது. எனக்கோ அரசரின் முகத்துக்கு நேரே இதைச் சொல்லும் உரிமைதான் பெரிதாகத் தெரிகிறது.

'வாய்க்கு வந்தபடி' என்பதும் தவறு. ஜெலி வீட்டுப் பிள்ளை சின்ன வயதிலிருந்தே பெரியவர்களுடன் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் படிக்கிறது. அவர் கதை சொல்லும்போது பக்கத்தில் ஒருவர் வரிக்கு வரி 'நாமு' என்கிறார். நாம் உம் கொட்டுகிறோமே, அதேதான். ஆனால் அங்கே அது ஒருவருக்கென்றே கொடுத்த வேலை.

சுஞ்ஜாட்டா கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாத பிள்ளை. ஒருநாள் இரும்புத் தடியை ஊன்றி எழுந்து, அவமானப்பட்ட தாய்க்காக பாவோபாப் என்ற பருத்த மரத்தையே பிடுங்கி வருகிறான். பிறகு சோசோ அரசன் சுமங்குருவை வென்று, 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவுகிறான். மரத்தைப் பிடுங்கியதை நான் வரலாறு என்று சொல்லவில்லை. அது ஊருக்கு ஊர், ஜெலிக்கு ஜெலி மாறும். ஆனால் சோசோக்களை அடக்கிய மாரி ஜாட்டா என்ற அரசனை 14ஆம் நூற்றாண்டில் அரபு வரலாற்றாசிரியர் இபின் கல்தூனும் எழுதிவைத்திருக்கிறார். ஜெலிகள் பாடுவது அந்த அரசனைத்தான்.

ஆண்டுக் கணக்கை இந்தக் கதையில் தேடாதீர்கள். எந்தக் குடும்பத்துக்கு யாரிடம் என்ன கடமை என்று பாருங்கள், அது இருக்கிறது. சுஞ்ஜாட்டாவின் ஜெலி பாலா ஃபசெக்கே, குயாத்தே குடும்பத்தின் முன்னோர். சுமங்குருவுடையது என்று நம்பப்படும் பாலஃபோன் இன்றும் கினி நாட்டின் நியாகசோலா ஊரில் அதே குடும்பத்தின் பொறுப்பில் இருக்கிறது. மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி அது. 2001இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

சரி, குழந்தைக் கதை என்றீர்களே. கானாவின் அக்கான் மக்களிடம் அனான்சி என்ற சிலந்தியின் கதைகள் உண்டு. உருவத்தில் சின்னது, தந்திரத்தால் பெரியவர்களைக் கவிழ்க்கும். அந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களால் ஒரு சாமானும் கொண்டுபோக முடியவில்லை. அனான்சி மட்டும் கூடவே போனது. ஜமைக்காவிலும் சுரினாமிலும் கரும்புத் தோட்டத்தில் உழைத்து முடித்த பெரியவர்கள்தான் இருட்டிய பிறகு அந்தக் கதைகளைத் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். குழந்தைகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.