அறையைச் சாத்தி அடுப்பு மூட்டினால் சுவர் காயுமா?

கேள்வி: குடியாத்தத்தில் கவுண்டன்ய மகாநதிக் கரையோரம் எங்கள் வீடு. 2021 நவம்பரில் வந்த மாதிரியே இந்த மழைக்கும் வெள்ளம் புகுந்து, முழங்கால் அளவு நின்று வடிந்தது. 9 அங்குலச் செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, மேலே பட்டி (புட்டி), எமல்ஷன் பெயிண்ட். தையில் மகளுக்குக் கல்யாணம். கதவைச் சாத்திவிட்டு கேஸ் அடுப்பை எரியவிட்டால் ஒரே வாரத்தில் காய்ந்துவிடும் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கேஸ் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது, கிலோவுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் ஒரு கேன் தண்ணீருக்கு மேல் ஆவியாக அறைக்குள் இறங்கியிருக்கும். சாத்திய அறையில் கார்பன் மோனாக்சைடு வேறு சேரும். நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும். கரி அடுப்புக்கும் இதே பதில்தான்.

ஆனால் சூடு உதவும் என்ற மட்டில் கொத்தனார் சொல்வது சரி. 25 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 35 டிகிரிக்கு ஏற்றினால், அதே காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு வந்துவிடும். இன்னும் ஈரம் வாங்க அதில் இடம் கிடைக்கிறது. வாங்கியதை வெளியேற்ற வழி வேண்டாமா? எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாமல் சூடேற்றினால், கீழ்ச்சுவரில் கிளம்பும் ஆவி குளிர்ந்த மேல்சுவரிலும் பீரோவுக்குப் பின்னாலும் படிந்து பூசணம் பூக்கும்.

முதலில் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, நனைந்த சுவிட்ச் பெட்டிகளைப் பார்த்துவிடுங்கள். அடுத்து, தண்ணீர் நின்ற கோட்டுக்கு இரண்டடி மேல்வரை எமல்ஷனையும் பட்டியையும் சுரண்டி எடுங்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு சூடு கொடுத்தாலும் வீண். அந்தப் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. சுவர் மேலாக நனைந்திருக்கும்வரை காற்றோட்டமே போதும். பதினோரு மணியிலிருந்து நாலு மணிவரை ஜன்னல்களைத் திறந்து ஃபேன் ஓடட்டும், சாயங்காலம் சாத்துங்கள். மேல்பரப்பு வெளுத்து உள்ளே மட்டும் ஓதம் நிற்கும்போதுதான் எலக்ட்ரிக் ஹீட்டருக்கு வேலை. அறை 35 டிகிரியில் இருக்கட்டும், சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்றை மாட்டிவையுங்கள். அதற்கு மேல் அவசரப்பட்டால் நிலைக்கதவு விரியும், பிளைவுட் பிரியும், உப்பு பூச்சுக்குள்ளேயே படிந்து காரையைப் பெயர்க்கும். 2 கிலோவாட் ஹீட்டர் பத்து மணி நேரம் ஓடினால் 20 யூனிட். கட்டில், பீரோ, திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆளில்லாத வீட்டில் ஓடவிடாதீர்கள்.

வாடகைக்குக் கிடைத்தால், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்தெடுக்கும் டிஹியூமிடிஃபையர் இன்னும் நல்லது. அது ஓடும்போது மட்டும் ஜன்னலைச் சாத்த வேண்டும்.

காய்ந்ததா என்று கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓரடி பாலிதீன் தாளின் நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் பாருங்கள். உட்புறம் வேர்த்திருந்தால் பெயிண்ட் கூடாது. 9 அங்குலச் சுவர் ஒரு வாரத்தில் காயாது; தைக்குள் முழுக்கக் காய்வதே சந்தேகம். முகூர்த்தம் முந்திக்கொண்டால் வெறும் சுண்ணாம்பு அடியுங்கள். அதன் வழியாக ஈரம் வெளியேறும், பந்தலுக்கும் வெள்ளையாக இருக்கும். எமல்ஷனைச் சித்திரை வெயிலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.