நானும் போட்டியிடணும், என் மாணவர்களையும் கூட்டிப்போகணும்: கடலோர டிரையத்லானுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: கோவையில் நீச்சல் பயிற்சியாளராக இருக்கிறேன். கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேன் போட்டிக்குப் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான்) பதிவு செய்திருக்கிறேன். என்னிடம் பயிற்சி பெறும் மூன்று பேரும் வருகிறார்கள். நால்வருமே 25 மீட்டர் குளத்தில் 2 கிலோமீட்டர் நிற்காமல் நீந்துவோம். கடலில் யாரும் நீந்தியதில்லை. எப்படிப் பழகுவது? போட்டியன்று அவர்கள் பக்கத்திலேயே இருந்து கூட்டிப்போகலாமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கூட்டிப்போகக் கூடாது. சைக்கிளில் முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. ஜோடியாக ஓட்டினால் நடுவர் தண்டனை தருவார். நீச்சலிலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூன்று தலைகளைத் தேடிக்கொண்டே நீந்துகிறவர் தன் மூச்சைக் கவனிக்க மாட்டார். பயந்துபோன ஒருவர் உங்கள் கழுத்தைப் பிடித்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. கயாக்கிலும் (துடுப்புப் போடும் குட்டிப் படகு) பெரிய படகிலும் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், காப்பாற்றுவதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். மூச்சு முட்டினால் கையைத் தூக்கிக் கூப்பிடலாம், கயாக்கைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம். அதைப் பிடித்தபடி முன்னே நகராதவரை போட்டியில் நீடிக்கலாம். இது தெரியாமல் பலர் கடைசிவரை கையைத் தூக்காமலே தவிக்கிறார்கள். உங்கள் மூவருக்கும் இது மனப்பாடமாக இருக்கட்டும்.

சரி, கடலுக்கு வருவோம். 1.9 கிலோமீட்டர் நீந்த 1 மணி 10 நிமிடம் தருகிறார்கள். அதாவது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 3 நிமிடம் 40 வினாடி. குளத்தில் 2 கிலோமீட்டர் போகிறவர்களுக்கு வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் அந்த 2 கிலோமீட்டரில் நீங்கள் 80 முறை சுவரைத் தொடுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தள்ளல், ஒரு குட்டி ஓய்வு. கடலில் அது கிடையாது. அதனால் இந்த வாரமே சுவரைத் தொடாமல், இரண்டு மீட்டருக்கு முன்பே திரும்பி நீந்த ஆரம்பியுங்கள். ஒரே தடத்தில் நால்வரும் நெருக்கியடித்து நீந்துங்கள். கை முகத்தில் படும், கால் இடிக்கும். அதைக் குளத்திலேயே பழகிவிடுவது நல்லது. ஆளில்லாத நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பத்து கைவீச்சு போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். குளத்தின் அடியில் இருக்கிற மாதிரி கடலில் தரைக்கோடு இல்லை. முதலை மாதிரி கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வர, பாதையைக் காட்டும் மிதவையைப் பார்த்துவிட்டு உடனே தலையை இறக்க வேண்டும். ஆறிலிருந்து பத்து வீச்சுக்கு ஒரு முறை போதும். தலையை அதிகம் தூக்கினால் இடுப்பு கீழே இறங்கிவிடும்.

கடலில் முதல் சில நிமிடங்களில் வரும் பதற்றம் நல்ல நீச்சல்காரர்களையும் விடாது. அலையைப் பார்த்ததும் மூச்சை இழுத்து இழுத்துச் சேர்க்கிறோம், வெளியே விடுவதில்லை. நெஞ்சு நிறையக் காற்று இருந்தும் மூச்சு கிடைக்காத மாதிரி இருக்கும். அப்போது மல்லாந்து மிதந்து, வாயால் நீளமாக ஊதச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் குளத்துத் தண்ணீரை விட நன்றாகவே தாங்கும். நாலைந்து மூச்சில் அடங்கிவிடும். அலை வரும் பக்கம் வாயைத் திறக்காமல் இருக்க, இரண்டு பக்கமும் மூச்செடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே போய்ப் பழகுவது? இந்தப் போட்டி 2019-ல் மிராமர் கடற்கரையில் தொடங்கியது. நடப்பது தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு. நீங்கள் தயாராகும் ஜூலை முதல் செப்டம்பர் வரை கேரளக் கரை கொந்தளிப்பாக இருக்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள். ராமேஸ்வரம், மண்டபத்தின் வடகடல் அந்த மாதங்களில் அடங்கிக் கிடக்கும். அங்கே பெண்கடல் என்று சொல்வார்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: அப்போது அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். தண்ணீர் தட்டையாகத் தெரியும், போகும்போது சுலபமாக இருக்கும், திரும்பும்போதுதான் கை ஓயும். விடிந்ததும், காற்று ஏறுவதற்கு முன்பே இறங்குங்கள். கரைக்கு இணையாக, நிற்கக்கூடிய ஆழத்திலேயே நீந்துங்கள். இடுப்பில் மிதவை கட்டிக்கொள்ளுங்கள். மீனவர் படகு ஒன்று கூடவே வரட்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசாருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். கடல் எப்படி இருக்கிறது என்று படகுக்காரரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அன்று வேண்டாம்.

அலை உடையும் இடத்தைத் தாண்டுவது தனி வித்தை. அதற்கு ஒரு முறை சென்னையை அடுத்த கோவளத்துக்குப் போய், அலைச்சறுக்கு சொல்லித்தருபவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பழகுங்கள். உடையும் அலையை நெஞ்சில் வாங்காமல் அடியில் முங்கி எழுவதுதான் விஷயம். சொறிமீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல்நீராலேயே கழுவுங்கள்.

வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சலுடை) வாங்கிச் செலவு செய்ய வேண்டாம். கோவாவின் வெதுவெதுப்பான கடலில் அதற்கு வேலை இல்லை. கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், உப்பும் உரசலும் சேர்ந்தால் தோல் வழண்டுவிடும். நீச்சல் கண்ணாடியை மாட்டிய பிறகு தடவுங்கள். சைக்கிளில் எதிர்காற்றின்போது வேகத்தைப் பார்க்காமல் உழைப்பைச் சீராக வைத்துக்கொள்ளுங்கள். 90 கிலோமீட்டருக்குப் பிறகு ஓட வேண்டிய 21 கிலோமீட்டர்தான் புழுக்கத்தில் ஆளைச் சாய்க்கும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும், உப்பும் சேர வேண்டும்.

அப்புறம் உங்கள் சொந்தப் பயிற்சி. கோச்சாக இருப்பவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. மாணவர்களோடு அவர்கள் வேகத்திலேயே நீந்திவிட்டு, அதைத் தன் பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். குளத்தோரம் மூன்று மணி நேரம் நிற்பதையும் ஓய்வாக நினைப்பார்கள். இரண்டும் தப்பு. வாரத்தில் இரண்டு கடினமான பயிற்சிகளை உங்களுக்காக மட்டும், தனியாகச் செய்யுங்கள். கடலில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் நாளில் நீங்கள் நீந்தாதீர்கள், படகிலேயே இருங்கள். போட்டிக்கு முந்தின மாலை சைக்கிளை ஒப்படைத்ததும் கோச் வேலை முடிந்தது. யார் கேட்டாலும் புதுசாக எதையும் சொல்லாதீர்கள்.

மூவரில் ஒருவர் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போதும் கடலில் பதறாமல் ஒரு கிலோமீட்டர் போகவில்லை என்றால், அவரை நீச்சலில் இறக்காதீர்கள். மூன்றையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துச் செய்யும் ரிலே பிரிவில் சைக்கிளோ ஓட்டமோ செய்யலாமா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள். அவரிடம் இதை நீங்களே, நேரில், அப்போதே சொல்லிவிடுங்கள்.