சர்வீஸுக்கு விட்டு எடுத்த மறுநாளே செக் என்ஜின் லைட்: யார் பொறுப்பு?

கேள்வி: என்னுடையது 2018இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். இதுவரை பெரிய தொந்தரவு எதுவும் கொடுத்ததில்லை. போன வாரம் வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஜெனரல் சர்வீஸ் விட்டேன். என்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கிளீன் செய்தார்கள். மறுநாளே செக் என்ஜின் லைட் எரிந்தது. சிக்னலில் நிற்கும்போது என்ஜின் வேகம் ஏறி ஏறி இறங்குகிறது. ஏசி போட்டால் சில சமயம் வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. திரும்பக் கொண்டுபோனால், "த்ராட்டில் பாடி போயிடுச்சு, புதுசு போட 14,000 ரூபாய் ஆகும், நாங்க செஞ்ச வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

- வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கான ஆதாரத்தை இன்னும் உங்களிடம் காட்டவில்லை. அதைக் காட்டாமல் 14,000 ரூபாய் கேட்பது சரியில்லை.

முதலில் ஒரு எச்சரிக்கை. அந்த லைட் தொடர்ந்து எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பக்கத்தில் போய் வரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டக் கூடாது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது என்று அர்த்தம். அது சைலன்ஸர் வழியில் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவோடு பார்த்தால் 14,000 சின்னத் தொகை.

அடுத்து பில்லை எடுத்து வையுங்கள். சர்வீஸுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால், எதையெல்லாம் கழற்றி மாட்டினார்களோ அங்கிருந்துதான் தேட வேண்டும். உங்கள் வண்டியில் கைவைத்த இடங்களில் பல என்ஜினுக்குள் காற்று போகும் வழியைச் சுற்றித்தான் இருக்கின்றன. நீங்கள் சொல்லும் அறிகுறியும் அந்தப் பக்கமே கை காட்டுகிறது. என்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகள் எல்லாம் மூடியிருக்கின்றனவா? அந்தப் பெட்டியிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் ரப்பர் ஹோஸ் இறுக்கமாக உட்கார்ந்து, கிளாம்ப் முறுக்கப்பட்டிருக்கிறதா? பென்சில் கனத்தில் சின்ன வேக்கம் ஹோஸ் ஏதாவது கழன்று தொங்குகிறதா? சென்சார் கனெக்டர்கள் 'டக்' என்று பூட்டியிருக்கின்றனவா? ஏழெட்டு வருட வெப்பத்தில் கனெக்டரின் பிளாஸ்டிக் பூட்டு மொறுமொறுப்பாகிவிடும். கழற்றும்போது உடைந்தால் மாட்டியதுபோலத் தெரியும், ஓட ஓடக் கழன்றுவிடும். ஆயில் ஊற்றும் மூடியையும் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கையும்கூட ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சில என்ஜின்களில் அந்த வழியாகக் காற்று புகுந்தாலே ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் சீரான வேகம், கெடும்.

அப்புறம் த்ராட்டில் பாடி. உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகச் சந்தேகம் இங்கேதான். நாளாக ஆக அதன் தகட்டைச் சுற்றிக் கரி படியும், காற்று போகும் இடைவெளி குறுகும். வண்டியின் கம்ப்யூட்டர் அதற்கு ஏற்றபடி தகட்டைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து வைக்கப் பழகிக்கொள்ளும். கரியை ஒரே நாளில் துடைத்துவிட்டால், அந்தப் பழைய திறப்பில் தேவைக்கு மேல் காற்று போகும். என்ஜின் வேகம் ஏறும், கம்ப்யூட்டர் இறக்கும், மறுபடி ஏறும். அதனால்தான் கிளீன் செய்த பிறகு ஸ்கேனரை இணைத்து ஐடிலைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் வேலை பல வண்டிகளில் இருக்கிறது. ரீலேர்ன் என்பார்கள். அதைச் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால், நல்ல த்ராட்டில் பாடியைத்தான் போய்விட்டது என்று சொல்கிறார்களாக இருக்கலாம்.

இன்னொன்றும் கேளுங்கள்: எப்படிக் கிளீன் செய்தார்கள்? மோட்டாரால் இயங்கும் தகட்டைச் சாவி ஆன் நிலையில் விரலால் பலமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் சேதமாகலாம். அப்படி நடந்திருந்தால் த்ராட்டில் பாடி உண்மையிலேயே கெட்டிருக்கும். ஆனால் அது அவர்கள் செய்த சேதம், செலவும் அவர்களுடையது.

இதையெல்லாம் ஊகத்தில் விடாமல் ஸ்கேன் செய்து பாருங்கள். 2018 வண்டி என்பதால் ஸ்டியரிங்கிற்குக் கீழே எங்காவது ஸ்கேனரை இணைக்கும் 16 முனை சாக்கெட் இருக்கும். கோளாறைக் குறிக்கும் கோடு (code) எண்ணைப் படித்து, ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பி0171 என்றால் பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம், ஹோஸ்களைத் தேடுங்கள். பி0113 என்றால் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் இணைப்பு அறுந்திருக்கிறது. கனெக்டரை மாட்ட மறந்திருக்கலாம். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பிளக் மாற்றக் கழற்றிய, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பார்க்க வேண்டும். பி0507 என்றால் ஐடில் வேகம் இருக்க வேண்டியதைவிட அதிகம்; ரீலேர்ன் செய்யாததற்குப் பொருந்தும். பி2135 போல த்ராட்டில் சென்சாரையே குறிக்கும் கோடு வந்தால்தான் அவர்கள் சொல்வதற்கு வலு உண்டு. அப்போதும் முதலில் கனெக்டரையும் ஒயரையும் சோதிக்க வேண்டும். கோடு எந்தச் சுற்றில் பிரச்சினை என்று சொல்லும், எந்தப் பாகத்தை வாங்கு என்று சொல்லாது.

யாரும் கோடை அழிக்கவோ பேட்டரியைக் கழற்றவோ விடாதீர்கள், உங்கள் சாட்சி அதிலேதான் இருக்கிறது. வேறு மெக்கானிக்கிடம் போனாலும் ஸ்கேன் செய்து, என்ன பார்த்தார் என்று எழுதி வாங்குவதோடு நிறுத்துங்கள். அவர் ஸ்பேனரை எடுத்துவிட்டால், பழைய ஒர்க்‌ஷாப் எல்லாப் பழியையும் அவர்மேல் போட்டுவிடும்.

பிறகு பழைய ஒர்க்‌ஷாப்புக்கே எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் போதும். பில் எண், தேதி, கிலோமீட்டர், அறிகுறி, கோடு போட்டோ எல்லாம் வைத்து, "இலவசமாகச் சோதித்துச் சரிசெய்து தரவும்" என்று கேளுங்கள். பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். கழன்ற ஹோஸை மாட்ட எந்த மெக்கானிக்கும் மறுக்க மாட்டார். சத்தம் போடுவதைவிட இது வேலை செய்யும்.

அப்படியும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு புகாருக்கு உரியது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆனால் குறைபாட்டை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். அதற்காகத்தான் போட்டோவும் எழுத்தும்.

கேள்வி: டயர் இடம் மாற்றி, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது) செய்த பிறகு கார் இடது பக்கம் இழுக்கிறது. மறுபடி அலைன்மென்ட் செய்யக் காசு கேட்கிறார்கள்.

- வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். காற்றழுத்தம் நான்கிலும் சரியாக இருந்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் மட்டும் இப்படி மாற்றக் கூடாது. மாற்றியபின் வலது பக்கம் இழுத்தால் கோளாறு டயரில், அலைன்மென்ட் வேலையில் குறை சொல்ல முடியாது. அப்படியும் இடது பக்கமே இழுத்தால், அலைன்மென்ட் செய்தபோது இயந்திரம் கொடுத்த அச்சிட்ட தாளைக் கேளுங்கள். வேலைக்கு முன், பின் அளவுகள் இரண்டும் அதில் இருக்க வேண்டும். தாள் தர முடியாதவர்களிடம் இரண்டாவது முறை காசு கொடுக்காதீர்கள். தாளில் அளவுகள் சரியாக இருந்தும் இழுக்கிறது என்றால், பிரேக் ஏதாவது பிடித்துக்கொண்டிருக்கிறதா, சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சற்று நேரம் ஓட்டிவிட்டு, தொடாமல் கையை அருகில் மட்டும் கொண்டுபோய்ப் பாருங்கள். முன் வீல்களில் ஒன்றின் அனல் மற்றதைவிட நிறைய அடித்தால் பிரேக்கைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.