பத்து நிமிட நடையும் மூளைப் படமும்: கேள்வி-பதில்

கல்லடி வாசகர்: காலையில் பழைய பாலத்தில் பத்து நிமிடம்தான் நடக்கிறேன். இதற்கெல்லாம் மூளையில் மாற்றம் வருமா, சேர்?

வரும். ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தாரும் கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தாரும் இளவயதினரைப் பத்து நிமிடம் மிக மெதுவாகச் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. மிதித்தபின், முன்பு பார்த்த படத்தையும் அதைப் போன்ற வேறொன்றையும் பிரித்தறிவதில் தேறினார்கள். ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதி, மூளையின் மேல் அடுக்கான புறணியோடு கூடுதலாகச் சேர்ந்தியங்கியதும் ஸ்கானில் தெரிந்தது. உங்கள் நடை அதைவிடக் குறைந்ததல்ல.

களுவாஞ்சிகுடி உயர்தர மாணவி: எம்ஆர்ஐக்குள் ஆடாமல் அசையாமல் படுக்க வேண்டுமே, ஓடுபவரை எப்படிப் படமெடுக்கிறார்கள்?

நல்ல கேள்வி, மகள். பெரும்பாலும் ஓடும்போது எடுப்பதில்லை. முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான். இந்த ஸ்கான் சிந்தனையைப் பார்ப்பதில்லை, வேலை செய்யும் இடத்துக்குக் கூடுதலாகப் பாயும் இரத்தத்தைப் பார்க்கிறது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின்; ஒட்சிசனை இழந்தபின் அதன் காந்த இயல்பு வேறு. அதை வைத்தே படமெடுக்கலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990இல் காட்டினார். உடற்பயிற்சியோ இரத்த ஓட்டத்தையே மாற்றிவிடும். மூச்சு வாங்கிக் காபனீரொட்சைட்டு குறைந்தால் மூளையின் நாளங்கள் சுருங்கும். அப்போது மாறியது மூளையின் வேலையா, வெறும் இரத்த ஓட்டமா? இதைப் பிரிக்க நாடித்துடிப்பு இறங்கும்வரை பொறுப்பார்கள். அதிகம் பொறுத்தால் தேடிய விளைவே கரைந்துவிடும். அதே ஆளை இன்னொரு நாள் சும்மா உட்கார வைத்தும் படமெடுப்பார்கள். அந்த இன்னொரு நாள் இல்லாத ஆய்வை நான் பெரிதாக எடுப்பதில்லை. அகச்சிவப்பு ஒளியை நெற்றி வழியாகச் செலுத்தும் தொப்பி போன்ற கருவியும் உண்டு. அசைவை ஓரளவு தாங்கும், ஆனால் மேற்புறணிக்குக் கீழே எட்டாது.

காத்தான்குடி வாசகர்: ஓடியபின் வரும் சந்தோஷம் உண்மையா?

உண்மை. மியூனிக்கில் 10 ஓட்டக்காரர்களை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு பெட் ஸ்கான் (சிறிதளவு கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்தி எடுக்கும் படம்) எடுத்தார்கள்; 2008இல் வெளிவந்தது. உடல் தானாகவே சுரக்கும் அபின் போன்ற பொருட்கள் மூளையில் கூடியிருந்தன. அது அவற்றில் ஒன்றான எண்டோர்பின் மட்டுமா என்று அந்தப் படம் பிரித்துச் சொல்லாது.

அக்கரைப்பற்று வாசகர்: ஒரு மாதமாக நடக்கிறேன். பலன் தெரிகிறதா என்று ஸ்கான் எடுக்கலாமா?

வேண்டாம், காசு வீண். இந்த வேறுபாடுகள் பலருடைய சராசரியில் தெரிபவை. தனி ஒருவரின் படத்தில் டொக்டர் சுட்டிக்காட்ட எதுவும் இராது. அந்தக் காசுக்கு நல்ல சப்பாத்து ஒன்று வாங்குங்கள்.