ஊரடங்கில் அம்மா எழுதிய தாள் இன்றும் செல்லுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. நெடுநாள் நுரையீரல் நோய் உண்டு. ஜெலுத்தோங்கில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். 2021 ஜூன் முழு முடக்கத்தில் கிளினிக் டாக்டர் விசாரித்தபோது, "கொரோனா வந்தால் சுவாசக் கருவி வேண்டாம், வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்த நோய் வந்தாலும் அதுதான் முடிவு என்கிறார் அண்ணன். தன் சார்பில் செயல்பட அம்மா எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரமும் அவரிடம்தான். இத்தனை வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் நான். அம்மா மருந்தைத் தானே எடுத்துக்கொள்கிறார், டாக்டரிடம் தெளிவாகப் பேசுகிறார், ஆனால் மறதி வந்திருக்கிறது. நீதிமன்றம் மூலம் நான் பொறுப்பாளராக முடியுமா? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, யார் பார்த்துக்கொண்டார், யார் பார்க்கவில்லை என்பது இங்கே எடுபடாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரி: அம்மா டாக்டரிடம் தெளிவாகப் பேசுகிறார். அப்படியானால் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அண்ணனும் இல்லை, நீங்களும் இல்லை.

அந்தத் தாளைப் பற்றி. இத்தகைய முன்கூட்டிய விருப்பத்துக்கென்று மலேசியாவில் தனிச்சட்டம் கிடையாது. மலேசிய மருத்துவ மன்றத்தின் சம்மத வழிகாட்டியைத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். நோயாளி எழுதியது ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும், இப்போது வந்திருக்கும் நிலைமைக்குப் பொருந்தவும் வேண்டும் என்பது அதன் சாரம். அம்மா எழுதியது கொரோனாவுக்கு. நாளை பக்கவாதமோ சாதாரண நிமோனியாவோ வந்தால், அந்தத் தாளைக் காட்டிச் சிகிச்சையை நிறுத்தச் சொல்வது கடினம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளைகள் முகத்தையே பார்க்க முடியாமல் போகுமோ என்ற பயத்தில் அன்று பலர் அப்படிச் சொன்னார்கள். அந்தப் பயம் இன்று அம்மாவுக்கு இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

அண்ணனின் பத்திரம் சொத்துக்கும் பணத்துக்கும் உதவும், அம்மாவின் உடம்புக்கு இல்லை. அதிகாரப் பத்திரச் சட்டம் 1949-இன்படி, கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தவர் என்று தீர்க்கப்பட்டால் அந்த அதிகாரமே முடிந்துவிடும்.

இனி நீங்கள் போக நினைக்கும் வழி. மனநலச் சட்டம் 2001-இன் கீழ் உயர்நீதிமன்றம் ஒருவருக்குப் பொறுப்பாளரை நியமிக்க வேண்டுமானால், அவருக்கு மனநலக் கோளாறு இருக்கிறது, அதனால் தன்னையும் தன் காரியங்களையும் அவரால் கவனிக்க முடியவில்லை என்று முதலில் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும். அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். "என் அம்மாவுக்குப் புத்தி தெளிவில்லை" என்று சத்தியப் பிரமாணத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டியிருக்கும். வெறும் மறதியை வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் மனு தோற்கும். ஆனால் நீங்கள் சொன்னது பதிவில் இருக்கும். பிறகு அம்மா புதிதாக எந்த விருப்பத்தை எழுதினாலும், உயிலே எழுதினாலும், "தெளிவில்லை என்று மகளே சத்தியம் செய்தாரே" என்று எதிர்த்தரப்பு அதைத்தான் எடுத்து நீட்டும். இதில் மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணனைத் தடுக்கப் போய், அம்மாவின் வாயை அவர்களே அடைத்துவிட்டார்கள். வழக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அவசரப் பிரிவுக்குப் போக நேரலாம். அங்கே அண்ணனும் தங்கையும் ஆளுக்கொன்று சொன்னால், டாக்டர் பெரும்பாலும் எல்லாச் சிகிச்சையையும் செய்துவிடுவார். அம்மா விரும்பியது அதுதானா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அதனால் மனுவை விடுங்கள். அண்ணனோடு சமாதானமாகப் போங்கள். ரோஷம் பார்க்கிற நேரம் இதுவல்ல. அம்மாவுக்குத் தெளிவு இருக்கும்போதே இருவரும் சேர்ந்து அவரை அந்தக் கிளினிக் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் இருவரும் அறைக்கு வெளியே இருங்கள். சுவாசக் கருவி, நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்தல், குழாய் வழி உணவு என்று எதெது வேண்டும், எந்த நிலைமையில் வேண்டாம் என்பதை டாக்டர் தனியாகக் கேட்டு எழுதட்டும். அன்று அம்மா புரிந்து பேசினார் என்பதையும் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். சாட்சிக் கையெழுத்து பிள்ளைகளுடையதாக இருக்கக் கூடாது. பழைய தாளை ரத்து செய்வதாக ஒரு வரி கட்டாயம் வேண்டும். நகல் ஒன்று உங்களிடம், ஒன்று அண்ணனிடம், இன்னொன்று அம்மா நெஞ்சு நோய்க்குப் போகும் ஆஸ்பத்திரிக் கோப்பில். கிளினிக்கில் இருக்கும் தாள் தானாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராது.

அதிகாரப் பத்திரம் தொடர வேண்டுமா என்பதையும் அம்மாவிடமே விடுங்கள். வேண்டாம் என்றால் அவர் எழுத்து மூலம் ரத்து செய்து, உயர்நீதிமன்றப் பதிவகத்தில் அறிவிப்பைச் சேர்க்கலாம். அதற்குமுன் அந்தப் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ரத்து செய்ய முடியாதபடி கொடுத்ததென்றால் விஷயம் வேறு.